போன கரண்ட் திரும்ப வேண்டும்

டிரெய்லரில் பின்விளக்கு எரியவில்லை என்று பட்டறைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கையில் புது பல்பு ஒன்றோடுதான் வருகிறார்கள். பலர் அதை மாட்டியும் பார்த்திருப்பார்கள். மாட்டியதும் எரிந்தது, ஒரு மழைக்குப் பிறகு மறுபடி போய்விட்டது என்பார்கள். வட அமெரிக்காவில் டிராவல் டிரெய்லர்களுக்கு எலக்ட்ரிகல் வேலை பார்க்கிற எவரும் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்திருப்பார்கள். இந்தத் தொழிலில் நான் வந்து சேர்ந்திருக்கிற முடிவு, பல்பைக் கடைசியில்தான் சந்தேகிக்க வேண்டும் என்பது. முதல் சந்தேகம் எர்த்தின் மேல் விழ வேண்டும். அதாவது, விளக்குக்குப் போன கரண்ட் வண்டியின் பேட்டரிக்குத் திரும்பி வருகிற அந்த ஒற்றை வெள்ளை ஒயரின் மேலும், அதன் வழியில் இருக்கிற துருப்பிடித்த திருகாணிகளின் மேலும். அந்தச் சந்தேகத்தையும் விளக்கை எரியவிட்டுத்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும்; சுமை இல்லாமல் அளந்தால் எர்த் நல்ல பிள்ளையாக நடிக்கும். இதற்கு எதிராகச் சொல்லப்படுவதும் கொஞ்சநஞ்சமல்ல. அவற்றில் சில நியாயமானவையும்கூட.

டிராவல் டிரெய்லர் என்றால் சக்கரம் வைத்த சிறு வீடு. படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளே இருக்கும், எஞ்சின் மட்டும் கிடையாது. 20 அடியிலிருந்து 30 அடி வரை நீளம் சாதாரணம். பிக்கப் டிரக்கோ பெரிய எஸ்யூவியோ இழுத்துக்கொண்டு போகும். அமெரிக்காவில் இவை பெரும்பாலும் இந்தியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட் வட்டாரத்தில் தயாராகின்றன. அகலமும் உயரமும் அப்படி இருப்பதால், பின்னால் வருகிறவருக்கு இழுக்கிற வண்டி கண்ணிலேயே படாது. கார்களின் பின்கண்ணாடி ஓரத்தில் எரிகிற மூன்றாவது பிரேக் லைட்டின் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். 1974-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜான் வோவோட்ஸ்கி என்ற உளவியலாளர் டாக்சிகளில் அப்படி ஒன்றைப் பொருத்திப் பார்த்தார். பின்னாலிருந்து மோதும் விபத்துகள் 60 சதவீதம் அளவுக்குக் குறைந்தன. அமெரிக்காவில் 1986 மாடல் கார்களிலிருந்து அது கட்டாயமானது. எல்லோருக்கும் அது பழகிப்போன பிறகு பலன் 4.3 சதவீதம் என்று அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 1998-இல் கணக்கிட்டது. அதுவும் சின்ன எண்ணிக்கையல்ல. டிரெய்லரை மாட்டியதும் அந்த மூன்றாவது விளக்கும் சேர்ந்து மறைந்துவிடுகிறது. டிரெய்லருக்கென்று மூன்றாவது பிரேக் லைட் கட்டாயமும் இல்லை. அந்தப் பெரிய வெள்ளைச் சுவரின் இரண்டு ஓரத்திலும் இருக்கிற விளக்குகளை நம்பித்தான் பின்னால் வருகிறவர் பிரேக்கை மிதிக்கிறார்.

இழுக்கிற வண்டியிலிருந்து டிரெய்லருக்கு ஏழு தகடுகள் கொண்ட ஒரு பிளக் வழியாகத்தான் எல்லாம் போக வேண்டும். எர்த் ஒன்று, பார்க்கிங் லைட் ஒன்று, இடது, வலது இரண்டுக்கும் தனித்தனியே ஒவ்வொன்று, டிரெய்லரின் எலக்ட்ரிக் பிரேக்குக்கு ஒன்று, டிரெய்லர் பேட்டரியை சார்ஜ் செய்ய ஒன்று, ரிவர்ஸ் லைட்டுக்கு ஒன்று. நம் ஊர் வண்டிகளில் பழகியவர்கள் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இங்கே டிரெய்லரில் பிரேக் லைட்டும் இண்டிகேட்டரும் பொதுவாக ஒரே ஒயர், ஒரே இழை. நின்று எரிந்தால் பிரேக், விட்டுவிட்டு எரிந்தால் இண்டிகேட்டர். சிவப்பு நிறத்தில் இண்டிகேட்டர் எரிவதை அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கிறது. ஒயர்களின் நிறத்தில் ஒரு பெரிய குழப்பம் உண்டு. டிராவல் டிரெய்லர் கட்டுகிறவர்களின் வழக்கப்படி பச்சை பார்க்கிங், சிவப்பு இடது, பழுப்பு வலது. படகு டிரெய்லர், சரக்கு டிரெய்லர் வழக்கப்படி பழுப்புதான் பார்க்கிங், மஞ்சள் இடது, பச்சை வலது. இரண்டு வழக்கையும் அறியாமல் யாரோ ஒருவர் நிறத்துக்கு நிறம் சேர்த்து பிளக் மாற்றிவிட்டால், பார்க்கிங் போட்டதும் வலது பிரேக் லைட் முழு வெளிச்சத்தில் எரியும். அதனால் நிறத்தை நம்பாமல் ஒவ்வொரு தகட்டையும் சோதித்துத் தெரிந்துகொள்வதே தொழில் முறை. ஆனால் இரண்டு வழக்கிலும் வெள்ளை எர்த்தான்.

எர்த்தை ஏன் முதலில் சந்தேகிக்கிறேன் என்பதற்கு எளிய காரணம் ஒன்று. போகிற ஒவ்வொரு சுமைக்கும் தனித்தனி ஒயர் இருக்கிறது. திரும்புவதற்கு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒயர். பிளக்கின் வெள்ளைத் தகட்டிலிருந்து முன்பக்க ஜங்ஷன் பாக்ஸ், அங்கிருந்து ஒரு திருகாணி வழியாக இரும்புச் சேஸிஸ், பின்பக்கம் சேஸிஸிலிருந்து இன்னொரு திருகாணி, அங்கிருந்து விளக்கின் ஹோல்டர். ஒவ்வொன்றும் ஒரு சந்தி, ஒவ்வொன்றும் வெளியில் இருக்கிறது, பெரும்பாலானவை தரைக்கு இரண்டடி உயரத்தில், சக்கரம் வாரியடிக்கிற தண்ணீரின் பாதையில். வட மாநிலங்களிலும் கனடாவிலும் குளிர்காலத்தில் பனி உருகச் சாலையில் உப்புக் கொட்டுகிறார்கள்; அந்த உப்புக் கரைசல் காயாமல் சந்துகளில் தங்கும். சேஸிஸ் பெயின்ட் அடித்தே வருகிறது. அந்தப் பெயின்ட்டைச் சுரண்டாமல், தானே துளை போட்டுக்கொண்டு ஏறுகிற திருகாணி ஒன்றை ஒயர் முனையோடு சேர்த்து முறுக்கிவிட்டால் தொழிற்சாலையில் எரியும், விற்பனைக் கூடத்தில் எரியும். எர்த்துக்கு அங்கே கிடைத்திருக்கும் தொடர்பு திருகாணியின் இரண்டு மூன்று மரைகள் மட்டுமே. அதில் துரு ஏற அதிக நாள் வேண்டாம். சுவரும் உதவிக்கு வராது. மரச்சட்டத்தின் மேல் ஃபைபர் கிளாஸ் தகடு ஒட்டிய சுவரில் கரண்ட் போகாது. பழைய அலுமினியத் தகட்டு டிரெய்லர்களில் ஓர விளக்குகளுக்கு அந்தத் தகட்டையே எர்த்தாகப் பயன்படுத்தியிருப்பார்கள். தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே ஒழுகாமலிருக்கப் பட்டிப் பசை வைத்திருப்பதால் அவற்றுக்குள் மின்தொடர்பு இருப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. அலுமினியத்தில் ஏறிய இரும்புத் திருகாணியைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அந்த அதிர்ஷ்டமும் தீர்ந்துவிட்டது என்று பொருள்.

இது வெறும் ஊகமாக நின்றுவிட்டால் வாதம் செல்லாது. எர்த் போனதற்கு விளக்குகளே சாட்சி சொல்லும். படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். பழைய டிரெய்லர்களில் இருப்பது பெரும்பாலும் 1157 என்ற எண்ணுள்ள இரட்டை இழை பல்பு. ஒரே கண்ணாடிக்குள் இரண்டு இழைகள்: பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் 2.1 ஆம்பியர் இழுக்கிற பெரிய இழை, பார்க்கிங்குக்கு 0.59 ஆம்பியர் இழுக்கிற சிறிய இழை. அடியில் இரண்டு ஈயப் பொட்டுகள், இரண்டு இழைக்கும் உள்ளே போகிற வழி அவை. வெளியே வருகிற வழி இரண்டுக்கும் பொது. அது பல்பின் பித்தளை ஓடு, அதுதான் எர்த். இப்போது அந்த ஓட்டுக்கும் சேஸிஸுக்கும் இடையே தொடர்பு அறுந்துவிட்டது என்று வையுங்கள். பார்க்கிங் அணைந்திருக்கும்போது பிரேக்கை மிதித்தால், பெரிய இழையில் நுழைந்த கரண்ட் ஓட்டுக்கு வந்து முட்டி நிற்கும். அங்கே வழி இல்லை. ஆனால் அதே ஓட்டில் சிறிய இழையின் முனையும் சேர்ந்திருக்கிறதே. அதன் வழியாகப் பின்புறமாக ஏறி, பார்க்கிங் ஒயரைப் பிடித்து, அந்த ஒயரில் இருக்கிற மற்ற விளக்குகள் வழியாக எர்த்தைத் தேடிப் போகும். விளைவு, பிரேக்கை மிதித்தால் பக்கவாட்டு ஓர விளக்குகள் மங்கலாகக் கண் விழிக்கும். பார்க்கிங் எரியும்போது மிதித்தால் இன்னும் வேடிக்கை. இரண்டு இழைகளின் வெளி முனையிலும் இப்போது ஒரே 12 வோல்ட். ஒன்றுக்கொன்று வித்தியாசமே இல்லாததால் கரண்ட் ஓடாது. மங்கலாக எரிந்துகொண்டிருந்த விளக்கு, பிரேக்கை மிதித்ததும் அடியோடு அணைந்துவிடும். இடது இண்டிகேட்டர் போட்டால் வலதும் சேர்ந்து துடிப்பது, இண்டிகேட்டரோடு ஓர விளக்குகள் தாளம் போடுவது எல்லாம் இதே கணக்கு. எந்தப் பல்பு பியூஸாகியும் இப்படி ஆட முடியாது. பியூஸான பல்பு எரியாது, அவ்வளவுதான். ஒரு விதிவிலக்கைச் சொல்லிவிட வேண்டும்: அறுந்த பெரிய இழை அதிர்வில் சரிந்து சிறிய இழையின் மேல் ஒட்டிக்கொண்டால் ஏறக்குறைய இதே கூத்து நடக்கும். அந்தப் பல்பைக் கழற்றியதும் கூத்து நின்றால் பல்பின் குற்றம். ஹோல்டரை எர்த்தோடு தனி ஒயர் வைத்துத் தொட்டதும் நின்றால் எர்த்தின் குற்றம்.

இதே போலச் சாட்சியை விசாரிக்கிற முறையில், எர்த்தையும் பல்பையும் டிரெய்லரையுமே விடுவித்துவிடுகிற ஒரு குறி உண்டு; என் வாதத்துக்கு அது எதிர்ப்பக்கம் என்பதால் மறைக்கக் கூடாது. இரண்டு பக்கமும் இண்டிகேட்டர் நன்றாக எரிகிறது, பிரேக் லைட் எரியவில்லை என்று வருவார்கள். ஒரே ஒயர், ஒரே இழை, ஒரே எர்த். இண்டிகேட்டருக்கு எரிகிற இழை பிரேக்குக்கு எரியாமல் போக டிரெய்லருக்குள் காரணமே கிடையாது. டிரெய்லரில் கை வைக்காமல் நேராக இழுக்கிற வண்டிக்குப் போக வேண்டும். பிரேக் பெடல் ஸ்விட்ச், ஸ்டியரிங் தண்டில் இருக்கிற இண்டிகேட்டர் ஸ்விட்ச், டிரெய்லருக்கென்று வண்டியில் இருக்கிற மாட்யூல் அல்லது ரிலே, இவற்றில் ஒன்று. இண்டிகேட்டர் தனியாக மஞ்சளில் எரிகிற வண்டியாக இருந்தால், பிரேக்கையும் இண்டிகேட்டரையும் ஒரே ஒயரில் கலந்து டிரெய்லருக்குக் கொடுக்கிற கன்வெர்ட்டர் டப்பா ஒன்று இருக்கும். அதற்குள் பிரேக் பக்கம் மட்டும் செத்திருக்கலாம். டிரெய்லரிலேயே மஞ்சள் இண்டிகேட்டர் தனியாக இருக்கிற சில மாடல்களுக்கு மட்டும் இந்தத் தர்க்கம் பொருந்தாது. இன்னொரு குறி: பிரேக், இண்டிகேட்டர் சரி, பார்க்கிங் மட்டும் டிரெய்லர் முழுக்க இல்லை. வண்டியின் சொந்தப் பின்விளக்கு எரிகிறதே என்று அதன் பியூஸைப் பார்க்காமல் விட்டுவிடுவார்கள். டிரெய்லர் பார்க்கிங்குக்கு வண்டியில் தனி பியூஸ் உண்டு. அது போயிருந்தால் புதிது போடுவதோடு நில்லாமல் ஏன் போனது என்று பார்க்க வேண்டும். தண்ணீர் புகுந்த ஓர விளக்கோ, சுவருக்குள் ஆணியில் மாட்டிய ஒயரோ எங்கோ ஷார்ட் ஆகிக்கொண்டிருக்கும்.

இனி எதிர்வாதங்கள். முதலாவது, பல்பு விலை ஒன்றிரண்டு டாலர். முதலில் அதை மாற்றிப் பார்ப்பதில் என்ன நஷ்டம் என்பது. பல்பைக் கழற்றிப் பார்ப்பதை நான் தடுக்கவில்லை. கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் இழை இருக்கிறதா அறுந்ததா என்று கண்ணுக்கே தெரியும். இழை முழுசாக இருக்கிறது, ஆனாலும் ஒரு நம்பிக்கையில் புதிது போடுகிறார்களே, அங்கேதான் நஷ்டம். 1157 பல்பை ஹோல்டரில் அமுக்கித் திருப்பி மாட்டுகிறபோது அதன் ஓடும் பொட்டுகளும் ஹோல்டரின் களிம்பைச் சுரண்டுகின்றன. பளிச்சென்று ஒரு கோடு விழுகிறது, தொடர்பு கிடைக்கிறது, விளக்கு எரிகிறது. பழைய பல்பையே கழற்றி மாட்டியிருந்தாலும் எரிந்திருக்கும். ஆனால் உரிமையாளர் மனதில் பல்புதான் குற்றவாளி என்று தீர்ப்பாகிவிடுகிறது. ஈரம் பட்டதும் சுரண்டிய கோட்டில் மறுபடி களிம்பு ஏறும். அடுத்த முறை அவர் இன்னொரு பல்பு வாங்குகிறார். பிளக்கைக் கழற்றி மாட்டியதும் சரியாகிவிட்டது என்பதும் இதே ஏமாற்று. காரணம் தெரியாமல் சரியான கோளாறை நான் சரியானதாக எண்ணுவதில்லை. அது வாய்தா வாங்கியிருக்கிறது.

இரண்டாவது எதிர்வாதம் மல்டிமீட்டர் வைத்திருப்பவர்களிடமிருந்து வரும். பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் அளந்தேன், 12.6 வோல்ட் காட்டுகிறது, எர்த்தும் லைனும் பழுதில்லை என்பார்கள். மீட்டர் பொய் சொல்லவில்லை, கேள்விதான் தப்பு. நல்ல டிஜிட்டல் மீட்டரின் உள் மின்தடை சுமார் 1 கோடி ஓம். அது இழுக்கிற கரண்ட் இல்லை என்றே சொல்லலாம். வழியில் 3 ஓம் துரு இருந்தாலும் 300 ஓம் இருந்தாலும் அந்த அற்பக் கரண்ட் தடையின்றிக் கடந்துபோகும். மீட்டர் முழு வோல்ட்டைக் காட்டும். நுகத்தில் பூட்டாத மாட்டைத் தொழுவத்தில் பார்த்து வலுச் சொல்வது போலத்தான் இது. பல்பை மாட்டிப் பாருங்கள். பெரிய இழையின் தடை எரியும்போது சுமார் 6 ஓம். வழியில் 3 ஓம் துரு சேர்ந்தால் மூன்றில் ஒரு பங்கு வோல்ட் துருவிலேயே செலவாகிவிடும். பல்புக்குக் கிடைப்பது எட்டரைக்குப் பக்கம். இழை பல்பின் வெளிச்சம் வோல்ட் குறைவதைவிடப் பன்மடங்கு வேகமாகச் சரிகிற தன்மையுள்ளது. மூன்றில் ஒரு பங்கு வோல்ட் போனால் முக்கால்வாசி வெளிச்சம் போய்விடும். அது பார்க்கிங் விளக்கின் மங்கலோடு கலந்து, பகல் வெளிச்சத்தில் பிரேக் போட்டதே தெரியாது. ஆகவே விளக்கு எரியும்போது, மீட்டரின் ஒரு முள்ளைப் பல்பின் பித்தளை ஓட்டிலும் மறு முள்ளை பிளக்கின் வெள்ளைத் தகட்டு ஒயரிலும் வைத்து அளக்க வேண்டும். நல்ல எர்த்தில் அது 0.1, 0.2 வோல்ட் காட்டும். அரை வோல்ட்டைத் தாண்டினால் இடையில் ஏதோ ஒரு சந்தி கெட்டிருக்கிறது. முள்ளை ஒவ்வொரு சந்தியாக நகர்த்திக்கொண்டே போனால், எந்தத் திருகாணியைத் தாண்டும்போது எண் குதிக்கிறதோ அதுதான் ஆள். கடையில் விற்கிற, பிளக்கில் செருகினால் சிறு எல்இடிகள் எரிகிற டெஸ்டரும் மீட்டரைப் போலத்தான்; சுமை ஏற்றாது. பிளக்கைச் சோதிக்க ஒரு பழைய ஹோல்டரில் 1157 பல்பை மாட்டி இரண்டு ஒயர் இழுத்துக்கொண்டால் அதைவிட நம்பலாம்.

வீட்டு வாசலில் எல்லாம் எரிகிறது, ஓடும்போதுதான் போகிறது என்று ஒரு வகைப் புகார் உண்டு. கேட்பதற்கு மாயம்போல இருக்கும். கணக்குப் போட்டால் மாயம் கலையும். 80 அங்குலத்துக்கு மேல் அகலமான டிரெய்லருக்கு அமெரிக்க விதிப்படி முன்னும் பின்னும் மேல் மூலைகளில் விளக்கு, பின்புறம் நடுவில் மூன்று விளக்கு, பக்கவாட்டில் ஓர விளக்குகள் என்று குறைந்தது பதினொன்று தேறும். இழை பல்பாக இருந்தால் ஒவ்வொன்றும் கால் ஆம்பியருக்குச் சற்று மேல். பின்விளக்குகளையும் சேர்த்தால் பார்க்கிங்குக்கு மட்டும் சுமார் 4 ஆம்பியர். பிரேக் லைட் இரண்டுக்கும் இன்னொரு 4. இது வரை வாசலில் தெரிகிற கணக்கு. ஓடும்போது எலக்ட்ரிக் பிரேக்கும் சேர்கிறது. இரண்டு அச்சு டிரெய்லரில் நான்கு சக்கரத்துக்கு நான்கு காந்தம், முழுப் பிரேக்கில் ஒவ்வொன்றும் 3 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், ஆக 12. அந்தப் 12-ம் திரும்புவதற்கு இருப்பது அதே வெள்ளை ஒயர். வெள்ளைத் தகட்டில் 0.2 ஓம் அழுக்கு இருக்கிறது என்று கொள்வோம். வாசலில் பார்க்கிங் மட்டும் போட்டால் ஒரு வோல்ட்டுக்கும் குறைவான இழப்பு, கண்ணுக்குத் தெரியாது. நெடுஞ்சாலையில் பிரேக்கை அழுத்தும்போது 20 ஆம்பியர் ஓடினால் இழப்பு 4 வோல்ட். எப்போது பிரேக் லைட் வேண்டுமோ சரியாக அப்போதுதான் அது மங்குகிறது. நிற்கிற வண்டியில் பெடலை மிதித்துச் சோதிப்பதால் இது வெளிப்படாது. இழுக்கிற வண்டியிலிருந்து டிரெய்லர் பிரேக்கை இயக்குகிற கன்ட்ரோலர்களில் பெரும்பாலானவை, வண்டியின் வேகம் எவ்வளவு விரைவாகக் குறைகிறதோ அந்த அளவுக்கே காந்தத்துக்குக் கரண்ட் கொடுக்கும். கன்ட்ரோலரில் இருக்கிற கைநெம்புகோலை முழுதாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டு ஒருவர் பின்னால் நின்று விளக்கைப் பார்த்தால் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

குண்டும் குழியுமான சாலையில் மட்டும் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் அதற்கு இன்னொரு காரணம். வெள்ளை ஒயர் எப்போதோ அறுந்துபோயிருக்கும். கரண்ட் வேறு வழி கண்டுபிடித்து, டிரெய்லரை வண்டியோடு பூட்டுகிற கப்ளர் வழியாக, அது உட்காருகிற ஹிட்ச் உருண்டை வழியாக வண்டியின் சேஸிஸுக்குத் திரும்பிக்கொண்டிருக்கும். உருண்டைக்குக் கிரீஸ் தடவியிருக்கிறது; மேலே ஏறி இறங்கும்போது இரும்பு இரும்பைத் தொட்டும் விட்டும் போகிறது. எல்லாம் பொருந்தி எரிந்துகொண்டிருக்கிறதே, எந்த வழியில் திரும்பினால் என்ன, இரும்பு இரும்புதானே என்று கேட்பவர்கள் உண்டு. வண்டி நகராமல் நின்றால் அந்தக் கேள்வி சரி. ஹிட்ச் எடை தாங்கச் செய்தது. மின்தொடர்புக்கு அதில் ஒரு உத்தரவாதமும் இல்லை. இதைக் கண்டுபிடிக்கக் காசு செலவில்லாத சோதனை ஒன்றிருக்கிறது. டிரெய்லர் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, ஜாக்கியில் தூக்கிக் கப்ளரை உருண்டையிலிருந்து விடுவித்து, பாதுகாப்புச் சங்கிலிகளையும் கழற்றிவிட்டு, பிளக்கை மட்டும் மாட்டி விளக்கைப் போட வேண்டும். சங்கிலியை மறந்தால் அதுவே எர்த்தாகிச் சோதனையைக் கெடுக்கும். விளக்கு செத்தால் வெள்ளை ஒயர் செத்திருக்கிறது.

மூன்றாவது எதிர்வாதம்தான் இப்போது அதிகம் கேட்கிறது: எல்லாம் எல்இடியாகிவிட்டது, இந்தப் பழைய பாடம் எதற்கு. எல்இடி நல்லதுதான். இழை இல்லை, அதிர்வில் அறுவதில்லை, சீல் செய்த விளக்கில் ஹோல்டரும் இல்லை, களிம்பும் இல்லை. 2.1 ஆம்பியர் இழுத்த இடத்தில் அதில் சிறு பகுதியே இழுக்கிறது. ஆனால் அந்தக் குறைந்த இழுப்பினாலேயே கெட்ட எர்த் மறைந்துகொள்கிறது. அதே 3 ஓம் துருவில் 0.3 ஆம்பியர் ஓடினால் இழப்பு ஒரு வோல்ட்டுக்கும் கீழே. எல்இடி ஒன்றும் நடக்காததுபோல எரியும். துரு வளர்ந்துகொண்டே இருக்கும். அதே வெள்ளை ஒயரில்தான் பிரேக் காந்தங்களும் இருக்கின்றன. அவை எல்இடி ஆகவில்லை. எர்த் கெட்டால் இப்போது முதலில் பலவீனமாவது டிரெய்லரின் பிரேக், அதற்கு எச்சரிக்கையாக மங்கிக் காட்டிய விளக்கையும் நாம் மாற்றிவிட்டோம். இன்னொரு இழப்பும் உண்டு. இழை பல்பு கரண்ட்டை இரண்டு திசையிலும் விடும், அதனால்தான் எர்த் போனதும் அத்தனை வேடிக்கை காட்டிக் கொடுத்தது. எல்இடி ஒரு திசையில்தான் விடும். எர்த் போனால் பேசாமல் அணைந்துவிடும், சாட்சி சொல்லாது. புது வண்டிகள் சில, டிரெய்லர் மாட்டியிருக்கிறதா என்று பார்க்க அவ்வப்போது சிறு துடிப்புகளை அனுப்பும். அதில் எல்இடி மினுமினுப்பதைப் பார்த்து எர்த் லூஸ் என்று முடிவுகட்டுவதும் தவறு. விளக்கு அணைந்திருக்கும்போது மினுமினுத்தால் வண்டியின் துடிப்பு, எரியும்போது மேடுபள்ளத்தில் மினுமினுத்தால் எர்த் என்று நான் தொடங்குவேன்.

நீளமான ஒயர் வோல்ட்டைத் தின்கிறது, முழுதாகப் புது ஒயர் இழுத்துவிட வேண்டியதுதான் என்பது கடைசி எதிர்வாதம். 14 கேஜ் செப்பு ஒயரின் தடை 1,000 அடிக்கு இரண்டரை ஓம். 30 அடிக்கு 0.08 ஓம்கூட இல்லை. 4 ஆம்பியர் ஓடினால் 0.3 வோல்ட். ஒயர் தின்பதில்லை, ஒயரின் முனைகள் தின்கின்றன. முழு டிரெய்லருக்கும் புது ஒயர் இழுக்கும்போது பழைய முனைகள் எல்லாம் சேர்ந்தே போய்விடுவதால் கோளாறு தீர்கிறது. அதை நீளத்தின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். ஆனால் இதில் ஒரு பாதியை ஒப்புக்கொள்கிறேன். டிரெய்லரின் அடிவயிறு பிளாஸ்டிக் பலகையால் மூடியிருக்கும், ஒயர்கள் சுவருக்குள் புதைந்திருக்கும். சேஸிஸில் எங்கெங்கே எர்த் திருகாணி இருக்கிறது என்று தேடுவதைவிட, ஜங்ஷன் பாக்ஸிலிருந்து இரண்டு பின்விளக்குக்கும் நேராக ஒரு புது வெள்ளை ஒயர் இழுப்பது பல சமயம் மலிவு. சேஸிஸை வழியாக நம்பாமல் விளக்குகளுக்குத் தனி எர்த் ஒயர் கொடுக்க வேண்டும் என்பது என் வாதத்தின் நேரடி விளைவுதான்.

வேலையில் புதுமை ஒன்றும் இல்லை. எர்த் முனை இருக்கிற இடத்தில் பெயின்ட்டை வெள்ளி நிறம் தெரியும் வரை சுரண்ட வேண்டும். தானே துளைக்கிற திருகாணியை எடுத்துவிட்டு, முழுத் துளை போட்டு, போல்ட், நட், பல் வாஷர் வைத்து வளைய முனையை இறுக்க வேண்டும். இறுக்கிய பிறகுதான் மேலே பெயின்ட்டோ கிரீஸோ. முன்னால் தடவினால் அதுவே தடையாகிவிடும். ஒயரைக் கடித்துப் பிடிக்கிற நீல நிற கிளிப்புகளையும், வீட்டு வயரிங்குக்கான முறுக்கு மூடிகளையும் வெளிப்புறத்தில் கண்டால் வெட்டி எறியலாம்; உள்ளே பசையுள்ள சுருங்கு குழாய் போட்ட க்ரிம்ப் முனைகள் மழையைத் தாங்கும். பிளக்கின் தகடுகளைத் தேய்த்து, மாட்டாத நேரத்தில் தண்ணீர் தேங்காமல் முகம் கீழே பார்க்கத் தொங்கவிட வேண்டும்.

டிராவல் டிரெய்லர் வைத்திருப்பவர்கள் வீல் பேரிங்குக்கு ஆண்டுக்கொரு முறை, அல்லது 12,000 மைலுக்கு ஒரு முறை, கிரீஸ் மாற்றுவதை ஒரு நோன்பு போலக் கடைப்பிடிக்கிறார்கள். அதே பட்டியலில் இரண்டு வரி சேர்த்துக்கொள்ளச் சொல்வேன்: சேஸிஸ் எர்த் போல்ட்டைக் கழற்றிச் சுரண்டி மாட்டுவது, விளக்குகளைப் போட்டு நெம்புகோலைத் தள்ளிக்கொண்டு எர்த் இழப்பை அளப்பது. அரை வோல்ட்டுக்குள் இருந்தால் வண்டியைக் கிளப்பலாம்.